ரைபோசோமில் ஒரு சுற்று

உயிரணுவுக்குள் புரதம் உருவாகும் விதத்தைப் பாடநூல்கள் தொடக்கம், நீட்சி, முடிவு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கின்றன. தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே வருவதால், ஏ.யூ.ஜி என்ற தொடக்கக் குறியனும் அதற்குரிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் எல்லா மாணவருக்கும் மனப்பாடம். (மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ-வில் ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்தான் குறியன்.) முடிவுக்கு மூன்று நிறுத்தக் குறியன்கள் இருப்பதால் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று கட்டாயம் உண்டு. சங்கிலி ஒவ்வோர் அமினோ அமிலமாக வளரும், நடுவில் அகப்பட்டுக்கொண்ட நீட்சியோ அரைப் பக்க விளக்கத்தோடும் ஒரு படத்தோடும் முடிந்துபோகிறது. ஒரு புரதச் சங்கிலி, அதை உருவாக்கும் எந்திரமான ரைபோசோமில் இருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இந்த நீட்சியில்தான் கழிகிறது. உயிர்வேதியியல் கற்பிக்கும் நான் இந்தப் பகுதிக்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு எங்கள் துறையில் உண்டு. இந்தக் கட்டுரையை அதற்கான பதிலாகவும் கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைப்பது ரைபோசோமுக்குப் பெரிய வேலையே அன்று. தவறானவற்றை மறுத்துச் சரியானதற்காகக் காத்திருப்பதும், பிணைத்த பிறகு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடுத்த குறியனுக்கு நகர்வதுமே கடினம். உயிரணு எரிபொருளைச் செலவிடுவதும் பெரிதும் அங்கேதான். படத்தில் மணிகளைக் கோத்ததுபோல் வரைந்து காட்டும்போது இந்த இரண்டும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம். நன்றாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு ரைபோசோம் ஒரு வினாடிக்குச் சுமார் 15 முதல் 20 அமினோ அமிலங்களைச் சேர்க்கிறது. பாலூட்டிகளின் உயிரணுக்களில் அது ஐந்து, ஆறு என்ற அளவில் இருக்கிறது. நம் தசைகளில் உள்ள டைட்டின் என்ற புரதத்தில் ஏறத்தாழ 34,000 அமினோ அமிலங்கள் இருப்பதால், அதன் ஒரே ஒரு சங்கிலியை முடிக்க இந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈ.கோலையின் கணக்கில், ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்கும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதற்குள் என்னென்ன நடக்கின்றன என்பதே இனி வருவது.

அமினோ முனை, கார்பாக்சில் முனை என்ற இரண்டில் சங்கிலி எந்த முனையிலிருந்து வளர்கிறது என்பதே ஒரு காலத்தில் தீராத கேள்வியாக இருந்தது. 1961-இல் ஹோவர்ட் டின்ட்சிஸ் வெளியிட்ட சோதனை அதைத் தீர்த்துவைத்தது. ஹீமோகுளோபினைத் தவிர வேறெதையும் பெரிதாக உற்பத்தி செய்யாத, முயலின் முதிராத சிவப்பணுக்களை அவர் எடுத்துக்கொண்டார். வேகத்தைக் குறைப்பதற்காக அவற்றை 15 டிகிரி செல்சியஸில் வைத்து, கதிரியக்க லியூசினைச் சிறிது நேரம் மட்டும் கொடுத்து, அதற்குள் முழுமை பெற்று வெளிவந்த சங்கிலிகளைப் பிரித்தெடுத்தார். பிறகு அவற்றை டிரிப்சின் என்ற நொதியால் துண்டுகளாக்கி, எந்தத் துண்டில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்தார். மிகக் குறைந்த நேரம் கொடுத்தபோது கார்பாக்சில் முனைக்கு அருகிலுள்ள துண்டுகளில் மட்டும் கதிரியக்கம் இருந்தது. நேரம் கூடக் கூட அது அமினோ முனையை நோக்கிப் பரவியது. லியூசின் உள்ளே வந்தபோது ஏற்கெனவே பாதி முடிந்திருந்த சங்கிலிகளில் கடைசிப் பகுதிதான் புதிய லியூசினைப் பெற்றிருக்க முடியும். ஆகவே தொடங்குவது அமினோ முனை, முடிவது கார்பாக்சில் முனை. செய்து முடிக்கப்பட்ட பொருளைப் பார்த்தே அது செய்யப்பட்ட வரிசையைக் கண்டுகொண்ட இந்தச் சோதனையை, கருவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் ஆராய்ச்சிக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டும் என்பேன்.

திசை தெரிந்தாயிற்று. அடுத்து வருவதுதான் மாணவர்களை உண்மையில் தடுமாறவைப்பது. அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ அமர்வதற்கு ரைபோசோமில் மூன்று இடங்கள் உண்டு. புதிதாக வருவது அமரும் ஏ தளம், வளரும் சங்கிலியைத் தாங்கியது அமரும் பி தளம், சுமையை இறக்கிவிட்டு வெளியேறுவது தங்கும் இ தளம். கேட்டவுடன், ஏ தளத்தில் வந்த புது அமினோ அமிலம் பி தளத்திலுள்ள சங்கிலியின் நுனிக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். பூ கட்டும்போது அப்படித்தான் நடக்கிறது. சரம் கையில் இருக்கிறது, அடுத்த பூ அதன் நுனியில் வந்து சேர்கிறது. ரைபோசோமில் சரம் முழுவதும் கையை விட்டு நீங்கி, புதிதாக வந்த பூவின் மேல் போய் ஏறிக்கொள்கிறது. சங்கிலியில் நூறு அமினோ அமிலங்கள் சேர்ந்திருந்தாலும் அந்த நூறும் ஒரே வினையில் பி தளத்துக் கடத்து ஆர்.என்.ஏ-விலிருந்து பெயர்ந்து, ஏ தளத்தில் இருப்பதன் தலைக்கு மாறுகின்றன.

இதற்கான காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒவ்வோர் அமினோ அமிலமும் தன் கார்பாக்சில் தொகுதியால் கடத்து ஆர்.என்.ஏ-வின் முனையில் எஸ்டர் பிணைப்பாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றல் மிகுந்த அந்த எஸ்டர் பிணைப்பை, ஏ தளத்தில் இருக்கும் அமினோ அமிலத்தின் நைட்ரஜன் தாக்கும்போது பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது, எஸ்டர் அறுகிறது. அறுந்த பக்கத்தில் வெறும் கடத்து ஆர்.என்.ஏ மிஞ்சுகிறது, சங்கிலி தாக்கியவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர் ஒன்று தயாரிக்கும் பியூரோமைசின் இந்த இடமாற்றத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அமினோ அமிலம் ஏறிய கடத்து ஆர்.என்.ஏ-வின் முனையைப் போலவே தோற்றமளிக்கும் அந்தச் சிறு மூலக்கூறு ஏ தளத்தில் நுழைந்ததும், சங்கிலி வழக்கம்போல் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஆனால் அதற்கு ரைபோசோமைப் பற்றிக்கொள்ளும் உடல் இல்லை. சங்கிலி பாதியிலேயே பியூரோமைசினோடு வெளியே போய்விடும். மூலக்கூறு அளவில் இவ்வளவு பச்சையான ஏமாற்று வேலை வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

இனிச் செலவுக் கணக்கு. ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க, உயிரணு ஆற்றல் மிகுந்த நான்கு பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவழிக்கிறது. முதல் இரண்டும் ரைபோசோமுக்கு வெளியே, அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ-வில் ஏற்றும் நொதியில் செலவாகின்றன. பெப்டைடு பிணைப்புக்குத் தேவையான ஆற்றல் முழுவதும் அந்த எஸ்டரிலேயே அடங்கியிருக்கிறது. மற்ற இரண்டும் ஜி.டி.பி என்ற எரிபொருள் மூலக்கூறுகளாக ரைபோசோமில் செலவாகின்றன. பிணைப்புக்கு வேண்டியது ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்ட நிலையில் இந்த இரண்டும் எதற்கு என்று கேட்டால், ஒன்று சரிபார்ப்புக்கு, இன்னொன்று நகர்வுக்கு.

சரிபார்ப்பைப் பற்றிப் பேசும்போது ரைபோசோம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1962-இல் சாப்வில் குழுவினர், சிஸ்டீன் ஏற்றப்பட்ட கடத்து ஆர்.என்.ஏ-வை நிக்கல் வினையூக்கியால் ஒடுக்கி, ஏறியிருந்த சிஸ்டீனை மட்டும் அலனினாக மாற்றினார்கள். சிஸ்டீனுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ இப்போது அலனினைச் சுமந்தது. அதை ரைபோசோமிடம் கொடுத்தபோது, சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனின் எந்த மறுப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ரைபோசோம் படிப்பது தூது ஆர்.என்.ஏ-வின் மூன்றெழுத்துக் குறியனும், அதற்கு இணையாகக் கடத்து ஆர்.என்.ஏ-வில் இருக்கும் மூன்றெழுத்து எதிர்க்குறியனும் பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே. சரக்கு சரியா என்பதைச் சரக்கேற்றிய நொதிதான் பார்த்திருக்க வேண்டும்.

பொருத்தம் பார்ப்பது எப்படி? அமினோ அமிலம் ஏறிய கடத்து ஆர்.என்.ஏ தனியாக வருவதில்லை. ஈ.எஃப்-டியூ என்ற நீட்சிக் காரணியும் ஒரு ஜி.டி.பி-யும் சேர்ந்து அதை அழைத்துவருகின்றன. ஈ.கோலையில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஈ.எஃப்-டியூவும் ஒன்று என்பதிலிருந்தே அதன் வேலைப்பளு விளங்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட வகைக் கடத்து ஆர்.என்.ஏ-க்கள் உயிரணுவில் அலைந்துகொண்டிருப்பதால், சரியானது ஒன்று வருவதற்குள் தவறானவை பல வந்து முட்டிவிட்டுப் போகின்றன. குறியனோடு சிறிதும் பொருந்தாதவை உடனே விலகிவிடும். ஓர் எழுத்து மட்டும் பொருந்தாதவைதான் தொல்லை. சரியானதற்கும் அவற்றுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது. அந்த வேறுபாட்டை மட்டும் நம்பினால், காணப்படும் துல்லியத்தை விளக்க முடியாது.

இந்தப் புதிருக்கான பதில் கருத்தளவில் முதலில் வந்தது. 1974-இல் ஜான் ஹாப்ஃபீல்டும், 1975-இல் தனியாக ஜாக் நினியோவும், ஒரே சோதனையை இருமுறை நடத்தி, இடையில் திரும்பிப் போக முடியாத ஒரு படியை வைத்தால் பிழைகள் பெருக்கல் கணக்கில் குறையும் என்று காட்டினார்கள். முதல் சோதனையில் நூற்றுக்கு ஒரு தவறு தப்பிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவதிலும் நூற்றுக்கு ஒன்று மட்டும் தப்பினால் மொத்தத்தில் 10,000-க்கு ஒன்று. திரும்ப முடியாத அந்தப் படிக்கான விலைதான் ஜி.டி.பி. முதல் சோதனையில் தேறியதும் ஈ.எஃப்-டியூ தன் ஜி.டி.பி-யை உடைத்துவிட்டு வடிவம் மாறி விலகுகிறது. அதன் பிறகும் கடத்து ஆர்.என்.ஏ ஏ தளத்தில் முழுமையாக அமர்வதற்குள் விழுந்துவிட இன்னொரு வாய்ப்பு கொடுக்கப்படுகிறது. சரியானது பெரும்பாலும் அமர்ந்துவிடும், தவறானது பெரும்பாலும் விழுந்துவிடும். ஹாப்ஃபீல்டுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது நரம்பு வலையமைப்புகள் குறித்த பணிக்காக என்றாலும், உயிர்வேதியியலாளர்கள் அவரை அந்த 1974 கட்டுரைக்காகத்தான் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள்.

சோதனையை அணு அளவில் காட்டியவர்களில் முக்கியமானவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதிலேயே குடும்பத்தோடு வடோதராவுக்குப் பெயர்ந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு உயிரியலுக்கு வந்தவர். அவருடைய கேம்பிரிட்ஜ் குழு, வெப்பத்தை விரும்பும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவில், ரைபோசோமின் இரண்டு பகுதிகளில் சிறியதான சிறிய துணையலகின் அமைப்பை 2000-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வில், குறியனும் எதிர்க்குறியனும் சேரும் கணத்தில் நடப்பதைக் காண முடிந்தது. சிறிய துணையலகின் ஆர்.என்.ஏ-வில் 1492, 1493 ஆகிய எண்களில் இருக்கும் இரண்டு அடினின் எழுத்துகள் சாதாரணமாகத் தம் இடத்துக்குள் மடங்கிக் கிடக்கின்றன. பொருந்திய கடத்து ஆர்.என்.ஏ வந்ததும் அவை வெளியே புரண்டு, குறியனும் எதிர்க்குறியனும் சேர்ந்த குட்டிச் சுருளின் பள்ளத்துக்குள் நுழைந்து தடவிப் பார்க்கின்றன. 530-ஆம் எண் குவானினும் உடன் சேர்ந்துகொள்கிறது. அவை படிப்பது எழுத்துகளை அன்று. முறையான இணை எதுவாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தின் வடிவம் ஒன்றுதான்; அந்த வடிவம் இருக்கிறதா என்பதை மட்டுமே அவை பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்துகளுக்கு இந்தச் சோதனை கண்டிப்பானது. மூன்றாவது எழுத்தில் தளர்வு உண்டு. அந்தத் தளர்வை 1966-லேயே பிரான்சிஸ் கிரிக் ஊகித்திருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

இவ்வளவு செய்தும் ரைபோசோம் பிழையற்றதன்று. 1,000 முதல் 10,000 அமினோ அமிலங்களுக்கு ஒன்று தவறாகச் சேர்கிறது. இது போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் ஒன்றில் 100-க்கு ஒரு பிழை என்றால், 100 சங்கிலிகளில் ஏறக்குறைய 5 மட்டுமே முழுமையாகச் சரியாக வரும். 10,000-க்கு ஒரு பிழை என்றால் 97 வரும். இன்னும் துல்லியமாகச் செய்தால் என்ன? செய்யலாம், ஆனால் வேகம் குறையும். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை எதிர்த்து நிற்கும் ஈ.கோலை வகைகள் சிலவற்றில் சிறிய துணையலகின் ஒரு புரதம் மாறியிருப்பதால் பிழைகள் குறைகின்றன, அவற்றின் வளர்ச்சியும் மந்தமாகிறது. மறுதிசையில், பாரோமோமைசின் என்ற மருந்து சிறிய துணையலகில் நுழைந்து அந்த இரண்டு அடினின்களையும் தானே வெளியே தள்ளிவிடுகிறது. சோதகர் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்துவிட்ட நிலையில் தவறானவை உள்ளே வருகின்றன. பாக்டீரியா குப்பைப் புரதங்களை உருவாக்குகிறது.

ஈ.எஃப்-டியூ தன் ஜி.டி.பி-யை உடைப்பதற்குப் பெரிய துணையலகில் ஒரு குறிப்பிட்ட ஆர்.என்.ஏ வளையம் துணை நிற்கிறது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் நஞ்சு தாக்குவது விலங்குகளின் ரைபோசோமில் உள்ள இதே வளையத்தைத்தான். ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ-வில் ஒரே ஓர் அடினினின் காரத்தை மட்டும் ரிசின் வெட்டி எடுத்துவிடுகிறது. சங்கிலி அறுவதுகூட இல்லை. எலியின் ரைபோசோமில் அது 4324-ஆம் அடினின் என்று என்டோவும் சுருகியும் 1987-இல் கண்டறிந்தார்கள். அந்த ஒன்று போனபின் நீட்சிக் காரணிகள் அந்த ரைபோசோமோடு சரிவரச் சேர முடிவதில்லை. எண்ணெயில் கரையாத புரதமான ரிசின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கை வயலுக்கு எருவாகப் போடுவார்களே தவிர மாட்டுக்கு வைக்க மாட்டார்கள் என்ற வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த ஒற்றை அடினின்.

பிணைப்பு நடக்கும் இடத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்லப் போகிறேன், அங்கே நடப்பது விரைவில் முடிந்துவிடுவதால். ஆயினும் அதைச் செய்வது யார் என்பது பெரிய கதை. நொதி என்றால் புரதம் என்று நம்பியிருந்த காலத்தில், ரைபோசோமின் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களில் எது பிணைக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். 1992-இல் ஹாரி நோலரின் குழு, பெரிய துணையலகிலிருந்து புரதங்களின் பெரும்பகுதியைக் கடுமையான முறைகளால் நீக்கிய பிறகும் பிணைக்கும் திறன் எஞ்சியிருப்பதைக் காட்டியது. கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்ற ஐயம் தொடர்ந்தது. 2000-இல் சாக்கடலின் நுண்ணுயிரான ஹாலோஆர்குலா மாரிஸ்மார்ட்டுவியின் பெரிய துணையலகை தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் அணு அளவில் காட்டியபோது, வினை நடக்கும் மையத்தைச் சுற்றி சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குப் புரதமே இல்லை. பிணைப்பது ஆர்.என்.ஏ. அதுவும் சாமர்த்தியமான வேதிவினை எதையும் பெரிதாகச் செய்யவில்லை; இரு முனைகளையும் சரியான கோணத்தில் நெருக்கமாகப் பிடித்து வைப்பதே வினையைப் பல இலட்சம் மடங்கு விரைவாக்கப் போதுமானதாக இருக்கிறது. 2009-இன் வேதியியல் நோபல் பரிசை ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ் ஆகியோரோடு பகிர்ந்துகொண்ட அடா யோனாத், ரைபோசோமைப் படிகமாக்கவே முடியாது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த 1980 வாக்கிலேயே முதல் படிகங்களை உருவாக்கியவர்.

பிணைப்பு முடிந்ததும் நகர வேண்டும். ஏ தளத்தில் இருப்பது பி தளத்துக்கும், பி தளத்தில் இருப்பது இ தளத்துக்கும் போக, தூது ஆர்.என்.ஏ சரியாக மூன்று எழுத்துகள் நகர வேண்டும். இரண்டு நகர்ந்தாலும் நான்கு நகர்ந்தாலும் அதன் பிறகு வரும் எல்லாக் குறியன்களும் பாழ். இந்த நகர்வு இரண்டு தவணைகளில் நடக்கிறது. முதலில் கடத்து ஆர்.என்.ஏ-க்களின் மேல்முனைகள் மட்டும் பெரிய துணையலகில் அடுத்த தளத்துக்குச் சாய்கின்றன. கீழ்முனைகள் இன்னும் பழைய குறியனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோலரும் மொவாசேதும் 1989-இல் முன்வைத்த இந்தக் கலப்பு நிலைக் கருத்து, 2000-இல் ஜோக்கிம் ஃபிராங்கும் ராஜேந்திர அக்ரவாலும் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட காட்சியோடு பொருந்தியது: சிறிய துணையலகு பெரியதற்கு எதிராகச் சில டிகிரிகள் சுழல்கிறது. பிறகு ஈ.எஃப்-ஜி என்ற காரணி ஜி.டி.பி-யோடு வந்து, கீழ்முனைகளும் நகர்ந்து முடிய உதவி, பின்னோக்கிச் சறுக்காமல் தடுத்து நிற்கிறது. ஈ.எஃப்-ஜியின் உருவம், கடத்து ஆர்.என்.ஏ-வைச் சுமந்த ஈ.எஃப்-டியூவின் உருவத்தை அப்படியே ஒத்திருக்கிறது. புரதத்தால் ஆன ஒரு கை, ஆர்.என்.ஏ-வின் கையைப் போலவே ஏ தளத்துக்குள் நீள்கிறது.

நம் உயிரணுக்களில் இதே வேலையைச் செய்யும் காரணியில் டிஃப்தமைடு என்ற மாற்றப்பட்ட ஹிஸ்டிடின் இருக்கிறது. தொண்டை அடைப்பான் நோயைத் தரும் பாக்டீரியாவின் நஞ்சு அந்த ஓரிடத்தில் ஒரு வேதித் தொகுதியை ஒட்டிவிடுகிறது, நகர்வு நின்றுவிடுகிறது. நஞ்சு ஒரு நொதி என்பதால் ஒரு காரணியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதன் வினைபுரியும் பகுதியின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே நுழைந்தாலே ஓர் உயிரணு இறந்துவிடும் என்பது 1978-இல் காட்டப்பட்டது. குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் இருக்கும் மூன்றில் ஒன்று, செயலிழக்கச் செய்யப்பட்ட இந்த நஞ்சுதான்.

பிணைப்பது எளிய வேலை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன் ஒரு வளையத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால் அது மந்தமாகவே தாக்கும். தாக்கப்படும் இடத்தில் இருந்தாலும் எளிதில் கோணத்துக்கு வராது. இரண்டு மூன்று புரோலின்கள் அடுத்தடுத்து வந்தால் ரைபோசோம் அப்படியே நின்றுவிடுகிறது. இங்கே மட்டும் சரிபார்ப்போ நகர்வோ தடையாக இல்லை, பிணைப்பே தடை. பாக்டீரியாவில் ஈ.எஃப்-பி என்ற காரணி பி தளத்துக்கும் இ தளத்துக்கும் நடுவே வந்து நின்று, புரோலினைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து வினையை ஓடவைக்கிறது என்பது 2013-இல்தான் தெளிவாயிற்று. நம் உயிரணுக்களில் அதற்கு ஈடானது இ.ஐ.எஃப்-5ஏ. தொடக்கக் காரணி என்று தவறாகக் கருதிப் பெயரிடப்பட்டு, அந்தப் பெயரோடே இன்றும் இருக்கிறது. அதன் நுனியில் ஹைப்பியூசின் என்ற அபூர்வமான அமினோ அமிலம் இருக்கிறது. லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஒட்டி, அதற்கென்றே இருக்கும் இரண்டு நொதிகள் அதை உருவாக்குகின்றன. நம் உடலில் வேறெந்தப் புரதத்திலும் ஹைப்பியூசின் இருப்பதாக இதுவரை அறியப்படவில்லை.